கிணற்றுத் தண்ணீரும் டெல்லிப் பெரியவரும்

சின்ன வயதில் பார்த்த டெலிவிஷனைப் பற்றிப் பேச்செடுத்தால், என் வயதுக்காரர்கள் உடனே ‘ஒளியும் ஒலியும்’ என்பார்கள், ‘மகாபாரதம்’ என்பார்கள். நான் மட்டும் ‘டர்னிங் பாயிண்ட்’ என்பேன். கேட்பவர்களில் பாதிப் பேர் விழிப்பார்கள். மீதிப் பேர், “ஆமாம், அந்தப் பெரியவர் வருவாரே!” என்று முகம் மலர்வார்கள். அப்படி முகம் மலர்ந்தவரோடு ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தாலும் எனக்கு அலுக்காது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தூர்தர்ஷன் வாரந்தோறும் ஒளிபரப்பிய விஞ்ஞான நிகழ்ச்சி அது. கிரீஷ் கர்னாட் அதை வழங்கினார். கன்னட நாடக உலகின் பெரும் புள்ளி அவர். பின்னர் 1994-ல் ‘காதலன்’ படத்தில் கவர்னராக வந்து தமிழ் ரசிகர்களுக்கும் பழக்கமானார். நிகழ்ச்சியில் ஒரு பகுதி, நேயர்கள் எழுதி அனுப்பும் கேள்விகளுக்குப் பதில் சொல்வது. பதில் சொன்னவர் பேராசிரியர் யஷ்பால். நான் பெரியவர் என்று சொன்னது அவரைத்தான்.

அந்த நிகழ்ச்சி எனக்கு ஒன்றும் பெரிதாகக் கற்பித்துவிடவில்லை. ஆனால் கேள்வி கேட்பது குற்றமில்லை என்று தைரியம் சொன்னது. அது எவ்வளவு பெரிய விஷயம் என்று விளங்க எனக்கு முப்பது வருஷம் ஆயிற்று.

மலையைப் பார்த்த ஏரியல்

இன்றைய தேனி மாவட்டத்தில் ஒரு சிற்றூர் எங்களுடையது. தெருவில் முதன்முதல் டெலிவிஷன் வந்தது பெரியப்பா வீட்டுக்கு. மாடியில் மூங்கில் கம்பத்தில் ஏரியல். அது கொடைக்கானல் மலையைப் பார்த்து நிற்க வேண்டும். காற்று கொஞ்சம் திருப்பிவிட்டால் படத்தில் புள்ளி மழை பொழியும். ஒருவன் மாடியில் நின்று கம்பத்தைத் திருப்ப, இன்னொருவன் முற்றத்தில் நின்று “வந்துடுச்சு, வந்துடுச்சு! ஐயோ, போயிடுச்சு!” என்று குரல் கொடுப்பது அன்றாடக் காட்சி.

எங்களுக்குப் படம் அனுப்பிய அந்த மலையில்தான், சூரியனை ஆராயும் கூடம் ஒன்று 1899-ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. சூரியனிலுள்ள கரும்புள்ளிகளில் வாயுக்கள் எப்படி ஓடுகின்றன என்பதை எவர்ஷெட் என்ற விஞ்ஞானி 1909-ல் அங்கிருந்துதான் கண்டுபிடித்தார். தினமும் அண்ணாந்து பார்த்த மலையைப் பற்றி இது எங்களுக்குத் தெரியாது. எங்கள் பாடப் புத்தகமும் சொல்லவில்லை. பக்கத்து மலையில் நடக்கும் விஞ்ஞானத்தை விட்டுவிட்டு, எங்கோ நடந்ததை மனப்பாடம் செய்துகொண்டிருந்தோம்.

‘டர்னிங் பாயிண்ட்’ தமிழில் வரவில்லை. பெரியவர் பேசுவதில் பத்துக்கு ஒன்று புரிந்தால் அதிகம். மற்ற ஒன்பதைச் சொன்னவள் அக்கா. பெரியப்பாவின் மூத்த மகள். மதுரையில் பி.எஸ்ஸி. பௌதிகம் முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். மேலே எம்.எஸ்ஸி. படிக்க ஆசை. “பெண் பிள்ளைக்கு இவ்வளவு போதும்” என்று பெரியவர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். ஆகவே படித்த படிப்பை மடித்து வைத்துவிட்டு, அடுப்படிக்கும் முற்றத்துக்கும் நடந்துகொண்டிருந்தாள்.

ஆனால் அந்த நிகழ்ச்சி வந்துவிட்டால் போதும், அவளே வேறு ஆளாகிவிடுவாள். புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து உட்காருவாள். பெரியவர் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் எங்களுக்குத் தமிழில் சொல்லிவிடுவாள். அவள் தவறவிட்ட இடங்களும் இருந்திருக்கும். எங்களுக்கு அவள் சொன்னதே வேதம்.

பெஞ்சின் மேல் ஏறிய கேள்வி

அப்போது நான் ஆறாம் வகுப்பு. மார்கழி மாதம் விடிகாலையில் கிணற்றடியில் குளிக்கும்போது தண்ணீர் வெதுவெதுவென்று இருக்கும். அதே கிணற்றில் சித்திரை மாத மத்தியானம் வாளியை இறக்கினால் ஜில்லென்று இருக்கும். குளிர் காலத்தில் சூடு, வெயில் காலத்தில் குளிர்ச்சி! கிணற்றுக்குள் யாராவது அடுப்பு மூட்டுகிறார்களா, என்ன?

வகுப்பில் இதைக் கேட்டேன். வாத்தியார் கெட்டவர் அல்ல. அறுபது பிள்ளைகளை வைத்துக்கொண்டு, பரீட்சைக்குள் பாடத்தை முடிக்க வேண்டிய அவசரம் அவருக்கு. “பாடத்துல இருக்காடா அது?” என்றார். “இல்லைங்க ஐயா” என்றேன். “அப்ப ஏண்டா கேக்குற? ஏறு பெஞ்சு மேல!” அந்தப் பீரியடு முடியும் வரை பெஞ்சின் மேல் நின்றேன். கால் வலிக்கவில்லை, மானம்தான் போயிற்று. இனி வகுப்பில் வாயைத் திறப்பதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

இதை அக்காவிடம் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. பதினைந்து காசுக் கார்டு ஒன்றை எடுத்து வந்தாள். “டெல்லிக்கு எழுதுவோம்” என்றாள். நான் தமிழில் சொல்ல, அவள் ஆங்கிலத்தில் எழுதினாள். அடியில் என் பெயரை நானே ஆங்கில எழுத்தில் போட்டேன். என்னைப் பெஞ்சின் மேல் ஏற்றிய கேள்வி, தபால் பெட்டிக்குள் விழுந்து டெல்லிக்குப் பயணமாயிற்று!

அன்று முதல் ஒவ்வொரு வாரமும் காத்திருந்தேன். யார் யாருடைய கேள்விகளோ வந்தன, என்னுடையது வரவில்லை. நாட்டின் நாலா பக்கத்திலிருந்தும் வந்து குவிகிற கடிதங்களில் ஒரு சிற்றூர்ப் பையனின் கார்டு எந்த மூலையில் கிடந்ததோ! ஆறேழு வாரம் போனதும், மின்சாரம் நின்றுபோன ஒரு ராத்திரி, நான் அழுதே விட்டேன்.

மூன்று பாத்திரங்கள்

மறுநாள் காலையில் அக்கா மூன்று பாத்திரங்களை முற்றத்தில் வைத்தாள். ஒன்றில் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர். ஒன்றில் ராத்திரி முழுதும் மண்பானையில் இருந்த குளிர்ந்த தண்ணீர். நடுவில் இருந்ததில் அப்போதுதான் இறைத்த கிணற்றுத் தண்ணீர். வலது கையை வெந்நீரிலும் இடது கையைப் பானைத் தண்ணீரிலும் வைக்கச் சொன்னாள். நூறு எண்ணும் வரை எடுக்கக் கூடாது. பிறகு இரண்டையும் சேர்த்து நடுப் பாத்திரத்தில் விடச் சொன்னாள்.

வலது கைக்கு ஜில்லென்று இருந்தது; இடது கைக்கு வெதுவெதுப்பாக இருந்தது. ஒரே தண்ணீர்! ஒரே ஆளுடைய இரண்டு கைகள்!

“இப்ப சொல்லு, இந்தத் தண்ணி சூடா, குளிர்ச்சியா?” என்றாள் அக்கா.

நான் முழித்தேன். பிறகுதான் விளக்கினாள். பூமிக்கு அடியில் ஆழத்தில் உள்ள தண்ணீரின் வெப்பம் வருஷம் முழுவதும் ஏறக்குறைய ஒரே நிலையில் இருக்கிறது. வெயிலும் பனியும் அவ்வளவு ஆழத்துக்கு எளிதில் எட்டுவதில்லை. மாறுவது வெளிக்காற்றும் நம் உடம்பும்தான். பனியில் நடுங்கும் தோலுக்கு அதே தண்ணீர் சூடாகப் படுகிறது. வெயிலில் காய்ந்த தோலுக்குக் குளிர்ச்சியாகப் படுகிறது. கிணறு பொய் சொல்லவில்லை. நம் கைதான் ஏமாற்றுகிறது. கையை நம்ப முடியாததால்தான் மனிதன் தெர்மாமீட்டர் செய்தான்.

இப்படி ஒரே தண்ணீர் ஒரு கைக்குக் குளிர்ச்சியாகவும் மறு கைக்குச் சூடாகவும் படுவதைப் பற்றி, ஜான் லாக் என்ற ஆங்கிலத் தத்துவ ஞானி 1690 என்று தேதியிட்ட தம் நூலில் எழுதியிருக்கிறார் என்பதைப் பல வருஷம் கழித்துப் படித்தேன். அதைப் படித்தபோது எனக்கு லாக் தெரியவில்லை. எங்கள் முற்றமும் அக்காவின் ஈரக் கையும்தான் தெரிந்தன.

இங்கே ஒரு விஷயத்தை வாசகர்கள் கவனிக்க வேண்டும். பதில் டெல்லியிலிருந்து வரவில்லை. பெரியப்பா வீட்டு முற்றத்திலேயே கிடைத்தது. ஆனால் டெல்லியில் அந்த நிகழ்ச்சி இல்லாமலிருந்தால் முற்றத்தில் பாத்திரங்கள் வந்திருக்குமா? நிச்சயமாக வந்திராது. நாடறிந்த விஞ்ஞானி ஒருவர் யாரோ ஒரு பிள்ளையின் கேள்வியை மதித்துப் பதில் சொல்வதை அக்கா வாரா வாரம் பார்த்தாள். நாமும் சொல்லலாமே என்று அவளுக்குத் தோன்றியது. மடித்து வைத்த படிப்பைப் பிரித்து உதறினாள்.

யார் இந்தப் பெரியவர்?

யஷ்பால் 1926-ல் இன்றைய பாகிஸ்தானிலுள்ள ஜங் என்ற ஊரில் பிறந்தவர். பம்பாய் டாடா ஆராய்ச்சி நிலையத்தில் காஸ்மிக் கதிர்களை ஆராய்ந்தவர். 1973-ல் ஆமதாபாதில் விண்வெளிப் பயன்பாட்டு மையத்தின் இயக்குநரானார். 1986 முதல் 1991 வரை பல்கலைக்கழக மானியக் குழுவின் தலைவர். இவ்வளவு பெரிய பதவிகளை வகித்தவர், கிராமத்துப் பிள்ளைகளின் கேள்விகளுக்காக டெலிவிஷன் முன் வந்து உட்கார்ந்தார்.

கிராமமும் டெலிவிஷனும் அவருக்குப் புதிதல்ல. 1975 ஆகஸ்ட் 1 முதல் 1976 ஜூலை 31 வரை, அமெரிக்க விண்கோள் ஒன்றின் துணையோடு ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்கு டெலிவிஷன் காட்டிய பெரும் சோதனையில் அவருடைய மையம் முன்னின்றது. மின்சாரமே சரியாக எட்டாத ஊர்களில், கோழிக் கூட்டுக்கு அடிக்கும் வலைக்கம்பியில் செய்த பெரிய ஏரியல்களை நிறுத்தினார்கள். காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு நிகழ்ச்சி. மாலையில் ஊர் மக்களுக்கு. அந்த ஆறு மாநிலங்களில் தமிழ்நாடு இல்லை. ஆனால் ஒரு பாடம் நமக்கும் பொருந்தும். ஊருக்கு ஒரு பெட்டி. அதைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்தார்கள். பார்த்ததைப் பற்றிப் பேசுவதற்குப் பக்கத்தில் ஆள் இருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சென்னையில் பிறந்த நாவலாசிரியர் ஆர். கே. நாராயண் மாநிலங்களவையின் நியமன உறுப்பினராக இருந்தார். அங்கே அவர் செய்த கன்னிப் பேச்சு எதைப் பற்றித் தெரியுமா? பள்ளிப் பிள்ளைகள் முதுகு வளைந்து சுமக்கும் புத்தகப் பையைப் பற்றி! அந்தப் பேச்சு நாடெங்கும் எதிரொலித்தது. பிறகு 1992-ல் மத்திய அரசு இதை ஆராயக் குழு ஒன்றை அமைத்தது. தலைவர் நம் யஷ்பால்தான். 1993-ல் வந்த அந்த அறிக்கை, பையின் கனத்தைவிடப் பொல்லாத கனம் ஒன்றைச் சுட்டிக்காட்டியது. புரியாத பாடத்தைச் சுமப்பதே அந்தக் கனம். பெஞ்சின் மேல் நின்றவன் என்ற முறையில், இந்தக் கருத்துக்கு நான் சாட்சி சொல்லத் தயார்.

இலை நிழலில் பிறைகள்

1995 அக்டோபர் 24. தீபாவளியை ஒட்டிய அந்தக் காலையில் சூரிய கிரகணம். ராஜஸ்தானிலிருந்து வங்காளத்து டைமண்ட் ஹார்பர் வரை ஒரு குறுகிய பட்டையில் முழுக் கிரகணம். நம் பக்கம் அரைகுறைதான். ஆனாலும் தெருவில் கதவுகள் எல்லாம் அடைத்துக் கிடந்தன. பெரியப்பா வீட்டில் மட்டும் டெலிவிஷன் ஓடியது. தூர்தர்ஷன் நேரடியாகக் காட்ட, விளக்கம் சொன்னது அதே பெரியவரின் குரல். முழுக் கிரகணம் கொஞ்ச நேரம்தான். அந்த நேரத்தில் அவர் ஒரு சிறுவனைப் போல உற்சாகப்பட்டது எனக்கு இன்னும் காதில் கேட்கிறது.

அக்கா எங்களை வாசலுக்கு இழுத்து வந்தாள். “மேல பார்க்காதீங்கடா, தரையப் பாருங்க!” என்றாள். புங்க மரத்தின் கீழே, இலைகளின் இடுக்கு வழியாக விழுந்த வெளிச்சப் பொட்டுகள் ஒவ்வொன்றும் சின்னச் சின்னப் பிறையாக இருந்தன. ஆயிரம் பிறைகள்! ஒவ்வொரு இடுக்கும் ஊசித்துளைக் காமிராவாக மாறிச் சூரியனின் படத்தைத் தரையில் வரைகிறது என்றாள். பெரியப்பாவே கதவைத் திறந்துகொண்டு வந்து குனிந்து பார்த்தார். அடுத்த வருஷம் அக்காவுக்குக் கல்யாணம் ஆயிற்று.

பழைய பாட்டா?

“அந்தக் காலத்தைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறீரே!” என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அன்று டெலிவிஷன் இருந்த வீடுகள் எத்தனை? நிகழ்ச்சி தமிழில் இல்லை. அக்கா போன்ற ஆள் இல்லாத வீட்டில் அது வெறும் படம். எழுதிப் போட்ட என் கார்டுக்கும் பதில் வரவில்லை. இன்றைக்கோ எந்தப் பிள்ளையும் எந்தக் கேள்வியையும் செல்போனில் கேட்கலாம். கண்ணிமைக்கும் நேரத்தில் தமிழிலேயே பதில் வருகிறது. இது பெரிய வசதி. இதைக் குறை சொல்பவன் நான் அல்ல.

ஆனால் போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன். என் மகளுக்குப் பதினோரு வயது. ஊருக்குப் போயிருந்தபோது, மோட்டார் போட்டு விழும் போர்த் தண்ணீரில் கையை வைத்துவிட்டு, “அப்பா, இது ஏன் காலையில சூடா இருக்கு?” என்றாள். எனக்கு உடம்பு சிலிர்த்தது. முப்பது வருஷத்துக்கு முந்திய என் கேள்வி! நான் பாத்திரம் தேட உள்ளே போய்த் திரும்புவதற்குள், அவள் செல்போனில் கேட்டுவிட்டாள். “தெரிஞ்சுடுச்சுப்பா” என்றாள். பதில் சரியாகவே இருந்தது. மறுநாள் அதைப் பற்றிக் கேட்டேன், மறந்துவிட்டிருந்தாள்.

குற்றம் அவளுடையது அல்ல, செல்போனுடையதும் அல்ல. பதில் வந்தது, ஆள் வரவில்லை. அவ்வளவுதான். அன்றைக்கே அவள் கையைப் பிடித்து மூன்று பாத்திரத்திலும் வைத்திருந்தால் மறந்திருப்பாளா? தாமதித்தது நான்.

செய்யக் கூடியது

ஆகவே நான் கேட்பது பெரிய காரியம் எதுவும் இல்லை. 2019 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு கல்வித் தொலைக்காட்சியைத் தொடங்கியது. கொரோனாக் காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது அது பாடங்களை வீட்டுக்கே கொண்டு சேர்த்தது. நல்ல பணி. பாடம் சொல்லிக் கொடுப்பதோடு, பாடத்தில் இல்லாத கேள்விகளுக்கென்றும் வாரம் அரை மணி நேரம் அங்கே நிலையாக இருக்கட்டும். கேள்வி கேட்ட பிள்ளையின் பெயரும் ஊரும் பள்ளியும் தமிழ்நாடு முழுவதும் கேட்கும்படி வாசிக்கப்படட்டும். பதில் சொல்ல நம்மிடம் விஞ்ஞானிகளுக்கா பஞ்சம்? கொடைக்கானலிலேயே இருக்கிறார்களே! தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் துணிச்சல் உள்ளவர்களாகப் பார்த்துக் கூப்பிட வேண்டும். “இதை உன் வீட்டில் இப்படிச் செய்து பார்” என்று பாதி பதிலைப் பிள்ளையிடமே விட்டுவிட வேண்டும்.

நிகழ்ச்சி மட்டும் போதாது. பக்கத்தில் ஆள் வேண்டும். அதற்கும் வழி உண்டு. 2021-ல் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கியபோது, சுமார் 2 லட்சம் தன்னார்வலர்கள் தெருத் தெருவாகப் பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். பெரும்பாலோர் பெண்கள். பட்டம் வாங்கிவிட்டு வீட்டில் இருக்கும் அக்காக்கள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? அவர்களைக் கூப்பிட ஆள்தான் வேண்டும்.

அரசாங்கம் செய்யட்டும் என்று நாமும் கைகட்டி உட்கார வேண்டியதில்லை. வீட்டுச் சுவரில் ஒரு தாளை ஒட்டுங்கள். பிள்ளை கேட்கும் கேள்வியில் வாரம் ஒன்றை அதில் எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அரை மணி நேரம் அதற்கென்று ஒதுக்குங்கள். செல்போனைப் பார்க்கலாம், தப்பில்லை. ஆனால் கடைசியில் பாருங்கள். முதலில் பாத்திரத்தை எடுங்கள்.

யஷ்பால் 2017 ஜூலை 24-ல், தமது 90-ஆம் வயதில் காலமானார். கிரீஷ் கர்னாட் 2019 ஜூனில் மறைந்தார். அக்கா திருப்பூரில் இருக்கிறாள், பேரன் பிறந்துவிட்டான். சென்ற வாரம் போனில் பேசும்போது பழைய கார்டைப் பற்றி ஞாபகப்படுத்தினேன். “அதுக்கு இன்னும் பதில் வரலையாடா?” என்று சிரித்தாள். பிறகு, “உன் பொண்ண லீவுக்கு இங்க அனுப்பு. எங்கிட்டயும் மூணு பாத்திரம் இருக்கு” என்றாள்.

அனுப்பத்தான் போகிறேன்.